லாபிஸ் லயத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்

ரயிலில் ஜொகூர் பாரு போகும் வாசகர்களே, சிகாமட் தாண்டியதும் சன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். தெனாங் கழிந்ததும் லாபிஸ் வரும். இந்த இருப்புப் பாதை 1909-ல் ஜொகூர் பாருவரை போய் முடிந்தது. பாதையோரம் ரப்பர் பெருகியது. ரப்பரோடு நம்மவர்களும் பெருகினார்கள். இன்று பாதை இரட்டைத் தடமாகிவிட்டது. பால்மரம் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது.

ஊர் சிறியது, கடைத்தெருவை வெயில் ஏறுமுன் சுற்றி வந்துவிடலாம். பெக்கோக் பக்கம் போனால் எண்டாவ்-ரொம்பின் காட்டுக்கு வழி உண்டு. காடு பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நீங்கள் ஒரு தோட்டத்துக்குள் போங்கள். லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், “தாத்தா, அறுபத்தொன்பது, எழுபதில் இங்கிருந்து யார் யார் ஊருக்குப் போனார்கள்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத தோட்டங்கள் நாட்டில் குறைவு.

போனவர்கள் ஆசைப்பட்டுப் போனார்கள் என்று இளையவர்கள் நினைக்கலாம். நடந்த கதை வேறு. 1957-ல் நாடு மெர்டேக்கா அடைந்தபோது குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியிருந்தது. எத்தனை வருடம் இங்கே இருந்தோம் என்று காட்ட வேண்டும். மலாய் கொஞ்சமாவது பேசத் தெரிய வேண்டும். பிறப்புப் பத்திரம் பலரிடம் இல்லை. டவுன் ஆபீசுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். “என்றைக்கிருந்தாலும் ஊருக்குத்தானே போகப் போகிறோம்” என்று விட்டவர்களும் உண்டு. அவர்கள் கையில் தங்கியது சிவப்பு அடையாளக் கார்டு.

1968-ல் ஒரு சட்டம் வந்தது. குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. இருபது, முப்பது வருடம் பால் வெட்டிய கைக்கு ஒரு தாள் இல்லாமல் வேலை இல்லை என்றாயிற்று. அந்த நாட்களில் இந்தியாவுக்குத் திரும்பியவர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்று கணக்குச் சொல்வார்கள்.

சரி, ஊருக்கே போகலாம் என்றால் அதற்கும் தாள். இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தம் பெற்றோர் இந்தியாவில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். அம்மை குத்திய பத்திரம் வேண்டும். சேமநிதிப் பணத்தை எடுக்கப் பாரம் நிரப்பிக் கைநாட்டு வைக்க வேண்டும். அப்புறம் கப்பல் சீட்டு. 1973 வரை ஓடிய ரஜுலா கப்பலின் மேல்தளத்தில் பாயை விரித்து நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரே வீட்டில் அப்பா அம்மாவுக்குச் சிவப்புக் கார்டு. மெர்டேக்காவுக்குப் பின் பிறந்த பிள்ளையோ இந்த நாட்டுப் பிரஜை. பிள்ளையைக் கூட்டிப் போவதா, பாட்டியிடம் விடுவதா? எந்தப் பாரத்திலும் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

இது நமக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. கொச்சிப் பக்கத்து யூதர்களைப் பாருங்கள். யூதர் எவரும் வந்து குடியேறலாம் என்று இஸ்ரேல் 1950-ல் சட்டம் போட்டது. முன்னோர் மண் கூப்பிடுகிறது என்று நம்பிச் சொத்தை விற்றவர்கள், யானைக்கால் நோய் வந்துவிடும் என்ற அதிகாரிகளின் பயத்தால் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பரிசோதனைகள் முடிந்து 1950-களின் நடுவில்தான் பெரும்பாலோர் போக முடிந்தது. மாளா என்ற ஊரில் தங்கள் தொழுகைக்கூடத்தைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இலங்கை மலையகத்திலோ, 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. 1984-ல் தலைமன்னார் கப்பல் நின்றபோது, இந்தியப் பாஸ்போர்ட்டோடு லயத்திலேயே தங்கிப்போனவர்கள் பல்லாயிரம்.

மூதாதையர் மண்ணானாலும், பிறந்த மண்ணானாலும், வாசலில் கேட்பது தாளைத்தான். பாடுபட்ட வருடங்களை அங்கே யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். சிவப்புக் கார்டோடு முதுமை அடைந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் குழந்தைக்குத் தானாகக் குடியுரிமை கிடைத்து வந்ததை நீக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை நாடாளுமன்றம் 2024-ல் ஏற்றது. ஆகவே, இன்று இரவே வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எல்லாருடைய பிறப்புப் பத்திரமும் இருக்கிறதா? திருமணம் பதிவாகியிருக்கிறதா? பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பதிவிலாகாவுக்குப் போய்த் திருத்துங்கள். குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதியுங்கள்.

ஒரு நாள் பேர் போனால் போகட்டும்.