படியில்லாத டிராம்

முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துக்கொண்டு நீங்கள் ஊர் சுற்றியது உண்டா? இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி. கோபுரமும் அரண்மனையும் அப்போது கண்ணில் படா, படிக்கட்டுகள்தான் படும்.

2010-ல் வியன்னாவில் எனக்கு அந்தக் கதிதான். டிராம் நிற்குமிடத்தில் முதலில் வந்தது பழைய வண்டி. அதன் படிகளை அம்மா ஒரு தடவை பார்த்தாள்; பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ போய்ச் சுத்திட்டு வா. நான் இந்தப் பெஞ்சியிலேயே உட்கார்ந்திருக்கேன்."

நல்ல வேளை, அடுத்து வந்தது வேறு ரகம். கதவு திறந்தது. அம்மா நம் வீட்டு வாசற்படியைத் தாண்டுகிற மாதிரி உள்ளே போய்விட்டாள்!

"ஏண்டா, இதுக்குப் படி வைக்க மறந்துட்டாங்களா?"

மறக்கவில்லை, ஐயா, மெனக்கெட்டு எடுத்திருக்கிறார்கள்! ஸீமென்ஸ் கம்பெனியார் செய்த அந்த வண்டிக்கு 'உல்ஃப்' என்று பெயர். மிகமிகத் தாழ்ந்த தளம் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். 1990-களின் பிற்பகுதியில் ஓடத் தொடங்கியது. வாசலில் தளத்தின் உயரம் 18 சென்டிமீட்டர்தான்.

இது எப்படிச் சாத்தியம்? சாதாரணமாக இரண்டு சக்கரங்களை ஓர் இருசு இணைக்கும். அதற்கு மேலேதான் தளம் போடவேண்டும். இவர்களோ இருசையே எடுத்துவிட்டார்கள். பெட்டியும் பெட்டியும் சேருமிடத்தில் தோரணவாயில் போல ஒரு சட்டம்; அதன் இரு கால்களிலும் தனித்தனியே சக்கரம்; மோட்டாரும் அங்கேயே செங்குத்தாக நிற்கிறது. மற்ற மின்சாரச் சாமான்களில் பெரும்பகுதி கூரைக்குப் போயிற்று. தோரணவாயிலுக்கு நடுவே நாம் நடந்துபோகிறோம்.

கெட்டிக்கார வேலைதான், ஆனால் சிக்கலான வேலை. வியன்னாவைத் தவிர, ருமேனியாவின் ஒராடியா நகரம் மட்டுமே இதை வாங்கிற்று. வியன்னாவுக்கு 332 வண்டிகள் வந்தன. 2017-ல் கடைசி வண்டி. 2018 டிசம்பரிலிருந்து 'ஃப்ளெக்ஸிடி' என்ற புது வண்டியும் அங்கே ஓடுகிறது. அதன் வாசல் உயரம் 21.5 சென்டிமீட்டர். மூன்றரை சென்டிமீட்டர் என்ன பிரமாதம் என்று எஞ்சினீயர்கள் கேட்கலாம். என் அம்மாவின் முழங்காலிடம் கேட்கட்டும்!

டிராம் நிறுத்தங்களில் அடுத்த வண்டி எத்தனை நிமிஷத்தில் வரும் என்று காட்டும் பலகை உண்டு. தாழ்தள வண்டியானால் பக்கத்தில் சக்கர நாற்காலிச் சின்னமும் தெரியும். இதை நான் சொல்லிக் கொடுத்ததுதான் தாமதம்! மறுநாள் பழைய வண்டி வந்ததும் நான் அவசரமாக எழுந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருடா. இன்னும் ஆறு நிமிஷத்திலே நம்ம வண்டி வருது."