தவறுதலாக வாங்கிவிட்டேன்

2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 'வெண்பா' என்ற கணினி விளையாட்டை வாங்கினேன். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் விளையாடி முடித்தேன். கடைசியில் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காசைத் திருப்பிக் கேட்டேன். நான்கைந்து நாளில் காசு வந்துவிட்டது.

என் குற்றம் இதுதான். மற்றவை இதற்கு முன்னும் பின்னும் நடந்தவை. அவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால் உங்களால் சரியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வெண்பா என்பது அந்த விளையாட்டின் நாயகி பெயர். 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன பெண். கணவர் பாவலன், மகன் கவின். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு ஒன்று இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, எழுத்துகள் அழிந்துபோன நோட்டு. விட்டுப்போன வரியை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாத் தட்டுக்கும் ஆவி போகும்? எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடம் இட்லி தின்றவன், முதல் தடவை தப்பாக அடுக்கினேன். நம் வீட்டு அடுப்படியை ஒரு வீடியோ கேமுக்குள் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதை முடிக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. அங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

ஸ்டீம் என்று ஓர் இணையக் கடை. கணினி விளையாட்டுகள் பெரும்பாலும் அங்கேதான் விற்கின்றன. 2015இலிருந்து அங்கே ஒரு விதி உண்டு. வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பித் தருவார்கள். கணினியில் ஓடவில்லை, எதிர்பார்த்தது மாதிரி இல்லை என்று தவிக்கிறவர்களுக்காக வந்த நல்ல விதி. நாற்பது மணி நேரம் ஓடும் பெரிய கேம்களுக்கு அதனால் சேதமில்லை. ஒரு மணி நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிற சின்னக் கேமுக்கு அது திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு. அந்தக் கதவு வழியாக மூன்று வருடம் போய்வந்தேன்.

காசு இல்லாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை. நல்ல சம்பளம். வெண்பாவின் விலைக்கு மேல் அன்றைக்கு மதியம் பிரியாணிக்குச் செலவழித்திருந்தேன். கர்வம்தான் காரணம். 'நான் ஏமாறாதவன்' என்ற கர்வம். ஒரு மணி நேர விளையாட்டுக்கு இவ்வளவு ரூபாயா, மணிக்கு என்ன விலை விழுகிறது என்று கணக்குப் போடுகிறவன் நான். புதுமைப்பித்தன் கதையைப் பக்கத்துக்கு இத்தனை பைசா என்று ஒருநாளும் அளந்ததில்லை. விளையாட்டை மட்டும் துணிக்கடைக்காரன் மாதிரி முழம் போட்டேன்.

தொடங்கியது 2020இல், ஊரடங்கு நாட்களில். அலுவலக நண்பர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள், தெருப் பையன்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் ஒரு பட்டியல் போட்டேன். 'ரெண்டு மணி நேர லிஸ்ட்' என்று பெயர். சின்னதாக, அழகாக, கலையாக இருக்கும் கேம்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை நிமிடத்தில் முடிக்கலாம் என்ற குறிப்பு. உண்மையைச் சொன்னால் அது நல்ல பட்டியல். ரசனை உள்ளவன் போட்டது. அதுதான் இன்னும் கேவலம். எது நல்லது என்று தெரிந்த கையாலேயே அதற்குக் காசு கொடுக்காமல் தப்பிக்கும் வழியையும் எழுதினேன்.

அதில் 'எ ஷார்ட் ஹைக்' இருந்தது. கனடாக்காரர் ஆடம் ராபின்சன்-யூ 2019இல் வெளியிட்டது. கிளேர் என்ற பறவைப் பெண் ஒரு முக்கியமான அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். மலை உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும். ஏற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வழியில் மீன் பிடிக்கலாம், யாருடனாவது வாயடிக்கலாம், காற்றில் மிதந்து கீழே இறங்கி மறுபடி ஏறலாம். அந்த விளையாட்டின் உயிரே அப்படிச் சுற்றித் திரிவதில் இருக்கிறது. நான் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு நேரே உச்சிக்குப் போனேன். அங்கே அவள் அம்மாவின் குரல் வந்தது. கேட்டேன், மூடினேன், காசைக் கேட்டேன்.

'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' இருந்தது. 2017இல் வந்தது. ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்பதை, அவரவர் அறைக்குள் நுழைந்து தெரிந்துகொள்ளும் கதை. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் லூயிஸ் என்ற இளைஞனின் அறை ஒன்று உண்டு. ஒரு கையால் மீனை எடுத்து எடுத்துத் தலையை வெட்ட வேண்டும். மறு கையால் அவன் மனதில் விரியும் கற்பனை நாட்டுக்குள் நடக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் வெட்டும் கையை நாம் மறந்துபோகிறோம், அவன் மறந்த மாதிரியே. சினிமாவிலும் புத்தகத்திலும் இதைச் செய்ய முடியாது. நிதானமாகப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும் என்பதால், மற்ற அறைகளில் ஓடினேன். செத்தவர்களின் அறைகளில் ஓடினேன். பட்டியலில் 'நிற்காமல் போனால் முடித்துவிடலாம்' என்று எழுதினேன்.

'ஃப்ளோரன்ஸ்' பற்றி நிறைய எழுத ஆசை. ஆனால் இது ரசனைக் கட்டுரை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அதில் காதலர்கள் பேசிக்கொள்வதை நாம் துண்டு துண்டாகப் பொருத்த வேண்டும். நெருக்கம் கூடக் கூடத் துண்டுகள் குறையும். பேச்சு எளிதாகும். அரை மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம்தான் ஓடும். 'டீ ஆறுவதற்குள் முடிச்சிரலாம்' என்பது நான் எழுதிய குறிப்பு. அதற்குப் பத்துப் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குக் கிடைத்த கூலி.

2021 ஆகஸ்டில் ஒரு செய்தி படித்தேன். எமிகா கேம்ஸ் என்ற பெயரில் தனியாக விளையாட்டுச் செய்துவந்த ஒருவர், காலவரையின்றி இந்த வேலையை விட்டுப் போகிறேன் என்று அறிவித்திருந்தார். அவருடைய 'சம்மர் ஆஃப் 58' இரண்டு மணி நேரத்துக்கும் குறைவானது. ஆடியவர்கள் நன்றாக இருக்கிறது என்றே எழுதினார்கள். ஆனால் ஏராளமானவர்கள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அடுத்ததைச் செய்ய அவர் கையில் காசில்லை.

செய்தியைப் படித்து 'பாவம்' என்றேன். சொல்லிவிட்டு, அந்த கேமையும் பட்டியலில் சேர்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு என்ற தகவல் அந்தச் செய்தியில்தான் எனக்குக் கிடைத்தது.

இந்த வரியை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நடந்தது இதுதான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இனி வழியே இல்லை.

புற்றுநோயால் இறந்த தங்கள் மகனைப் பற்றி ரையன் கிரீனும் எமி கிரீனும் செய்த 'தட் டிராகன், கேன்சர்' பற்றியும் சொல்ல வேண்டும். 2016இல் வந்தது. அதைக் காசு கொடுத்து வாங்கித் திருப்பும் சிரமம்கூட நான் படவில்லை. யாரோ ஆடிய வீடியோவை முழுதாகப் பார்த்தேன். என்னைப் போல் பார்த்துவிட்டுப் போனவர்கள் லட்சக்கணக்கில். விற்பனையில் அது தெரியவே இல்லை என்று அந்தத் தகப்பனே எழுத வேண்டி வந்தது.

காசைத் திருப்பிக் கேட்கும்போது ஸ்டீம் காரணம் கேட்கும். தேர்ந்தெடுக்க ஒரு வரிசை, எழுத ஒரு சின்னப் பெட்டி. குழுவில் சிலருக்கு என்ன எழுதுவது என்று தயக்கம். அவர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிப் போட்டேன். 'தவறுதலாக வாங்கிவிட்டேன், மன்னிக்கவும்' என்று அர்த்தம். இதை அப்படியே எடுத்து ஒட்டுங்கள் என்றேன். அடுத்தடுத்துக் கேட்டால் சந்தேகம் வரும், இடைவெளி விடுங்கள் என்றும் புத்தி சொன்னேன். அவசரத்தில் அந்த வரியில் 'மிஸ்டேக்' என்ற சொல்லில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன். 'தவறு' என்பதையே தவறாக எழுதியிருந்தேன். யாரும் திருத்தவில்லை.

அந்தக் குழுவில் எங்கள் தெருப் பையன் ஒருவன் இருந்தான். சோமனூர் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கல்லூரி முடித்து, இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து ஒரு விளையாட்டுச் செய்தான். அதில் விசைத்தறி ஓடும் ஒரு வீடு. தறிச் சத்தத்தில் காது மங்கிப்போன தாத்தா. பேரனும் அவரும் கையசைவிலேயே பேசிக்கொள்வார்கள். அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே அந்தக் கையசைவுகளை நாம் புரிந்துகொள்ள வேண்டும். கடைசியில் தறியை எடைக்குப் போட்டுவிடுவார்கள். சத்தம் நிற்கும். ஐம்பது நிமிடம். இதெல்லாம் அவன் வாயால் கேட்டது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2024இல் வெளியிட்டான். ஸ்டீமில் கடை போட 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால்தான் அந்த நூறு திரும்பும். விற்பதில் நூற்றுக்கு முப்பது கடைக்குப் போகும். வெளியான அன்று குழுவில் எல்லோரும் கைதட்டினோம். எல்லோரும் வாங்கினோம். வெண்பாவுக்குப் பாஃப்டா விருது கிடைத்தபோது 'நம்ம வீட்டுப் பொண்ணு ஜெயிச்சிருச்சு' என்று அதே குழுவில் எழுதியவனும் நான்தான்.

மூன்று வாரம் கழித்து மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தான்.

"இதப் பாருங்ணா. வாங்குனதுல பாதிக்கு மேல திரும்பிருச்சு. எனக்கு ஒண்ணும் புரியலீங்ணா."

திருப்பியவர்கள் எழுதும் காரணம், பெயர் இல்லாமல், செய்தவரின் பார்வைக்கு வரும். எனக்கு அது தெரியாது. திரையைத் திருப்பிக் காட்டினான். ஒன்றன் கீழ் ஒன்றாக அதே வரி. 'மிஸ்டேக்'கில் அதே எழுத்து இல்லை. எல்லா வரியிலும் இல்லை.

"எல்லாரும் ஒரே மாதிரி ஸ்பெல்லிங் மிஸ்டேக் பண்ணுவாங்களாங்ணா? ஏதாவது ரோபோவா இருக்குமோ?"

அவன் பட்டியலையும் அந்த வரியையும் பார்த்திருக்கவில்லை. அவன் குழுவில் சேர்வதற்கு முன்பு போட்டவை அவை. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது என்று சொன்னால் அது பொய். வரவில்லை. அந்த நிமிடம் எனக்கு ஓடியதெல்லாம் ஒன்றே ஒன்று. இவனுக்குத் தெரிந்துவிடுமா?

தப்பிப்பதற்காகப் பெரியவன் வேடம் போட்டேன்.

"தம்பி, அம்பது நிமிசம்னா அப்படித்தான். காசுக்குப் பத்தலேன்னு நினைச்சிருப்பாங்க. கொஞ்சம் இழுத்து, ரெண்டு மணி நேரத்தைத் தாண்டற மாதிரி பண்ணு."

இதைச் சொன்னபோது அவன் விளையாட்டை நான் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. வாங்கியிருந்தேன். தெருப் பையன் ஆயிற்றே என்று திருப்பாமல் வைத்திருந்தேன். அதையே பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் தலையாட்டினான். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினான். நான்கு மாதம் உட்கார்ந்து இழுத்தான்.

புதிய வடிவம் வந்த பிறகுதான் நான் விளையாடினேன். இரண்டரை மணி நேரம். மூன்று இழை பிணைத்தால் போதும் என்ற இடத்தில் முப்பது. சந்தைக்குப் போய்வரும் நீண்ட நடை. பேரனுக்கும் தாத்தாவுக்கும் நடுவே தேவையில்லாத ஆட்கள். கடைசியில் தறி நின்றது. சத்தம் அடங்கியது. அது தாத்தாவின் வாழ்க்கை போய்விட்ட அமைதியாக என் நெஞ்சில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு 'அப்பாடா' என்று இருந்தது.

மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். யாரும் பெரிதாக வாங்கவில்லை. அவன் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பார்த்தால் சிரிக்கிறான். அடுத்தது எப்போது என்று ஒரு தடவை கேட்டேன். "நேரமில்லீங்ணா" என்றான். கேட்டது நான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் அது எத்தனை குழுக்களுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெண்பாவை மறுபடி வாங்கினேன். அதையும் தள்ளுபடி நாள் வரும்வரை காத்திருந்துதான் வாங்கினேன்.

அவனிடம் இன்னும் நேரில் சொல்லவில்லை. இந்த இதழ் அச்சாகி வந்ததும் அவன் வீட்டுக்கு எடுத்துப் போவதாக இருக்கிறேன். முடிந்தால் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஐம்பது நிமிட வடிவம் அவனிடம் எங்காவது பத்திரமாக இருக்கிறதா என்று. ஸ்டீமில் புதிய வடிவம் ஏறியதும் என் கணினியில் இருந்த பழையதை அது அழித்து எழுதிவிட்டது. காசு கொடுத்து வாங்கி, திறக்காமலே வைத்திருந்தேன். அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.