அல்பா நகரில் ஒரு விருந்து

விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதுங் கட்டுரைகள் பெரும்பாலும் விளையாட்டு மைதானத்தையும் விடுதிச்சாலையையும் சுற்றி வருவன. நாம் எழுதப் புகுந்த பொருளோ இத்தாலி நாட்டுச் செந்நிற வைன். கள்ளுண்ணாமை அதிகாரத்தை மனப்பாடஞ் செய்து ஒப்புவித்த மாணவர்க்கு இஃது அடுக்குமோ என அன்பர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். ஆயினும் பொருள் தமிழர்க்கு முற்றும் புதிதன்று. யவனர் கொணர்ந்த நறுமதுவைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. 1945 ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகளது உடைசல்கள் வெளிப்பட்டன. அன்றியும், அவ்விருந்திலே நாம் கற்ற பாடம் குடியைப் பற்றியதன்று. ஆதலின் துணிந்து எழுதுகின்றோம்.

2023 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், எம் வகுப்புத் தோழர் இருவருடன் வடமேற்கு இத்தாலியின் பியமோந்தே மாகாணத்திலுள்ள அல்பா நகரிற் கூடினோம். ஒருவர் தூரின் நகரத்து உணவுச்சாலைகளில் நெடுங்காலம் சமையற்பணி புரிந்தவர். மற்றவர் இலங்கையில் வீதி ஓவசியராகக் கடமையாற்றி இளைப்பாறியவர். தூரின் நண்பருடன் உழைத்த இத்தாலியர் ஒருவரும் வந்திருந்தார். அவர் அம்மலைநாட்டு முந்திரிகைத் தோட்டக்காரர் ஒருவரின் மைந்தர்.

அல்பாவைச் சூழ்ந்த குன்றுகளுக்கு லாங்கே என்பது பெயர். அடிவாரத்திலிருந்து உச்சிவரை முந்திரிகைக் கொடிகள் நிரை நிரையாக நிற்கின்றன. 2014 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நிலக் காட்சியை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இத்தாலியை ஒன்றுபடுத்தியவர் எனச் சரித்திர வகுப்பிலே படித்த கவூர் பிரபு, இளமையிற் கிரின்சானே என்னும் இங்குள்ள சிற்றூருக்குத் தலைவராயிருந்தவர். அவ்வூர்க் கோட்டை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மேசையில் அமர்ந்ததும் ஓவசியர் தம் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "எங்கள் அப்புவின் தோட்டக்காணி முழுவதும் தவறணை வாசலிலே போயிற்று. அம்மா கண்மூடுமுன் அவவின் கையிற் சத்தியஞ் செய்தவன் நான்," என்றார். மேசையில் அமைதி நிலவிற்று. தூரின் நண்பர் கிண்ணத்தை மெல்ல நிமிர்த்தி, "குடிக்க வேண்டாம், மச்சான்; மணந்து மட்டும் பார். மணப்பது சத்தியத்துக்கு விரோதமில்லை," என்றார். ஓவசியர் சற்று யோசித்து உடன்பட்டார்.

முதலில் வந்தது தொல்செத்தோ. இனிப்பானது என்று பொருள்படும் பெயரைத் தாங்கியும், வைனாகிய பின் அதில் இனிப்பில்லை. கறுத்த பழத்தின் மணமும் வாதுமையின் மெல்லிய கைப்புமே உண்டு. இரண்டாவதாகிய பார்பேராவிற் புளிப்பு மிகும். கொழுத்த பாற்கட்டியை உண்டபின் அதனை அருந்தினால், இரசம் குடித்தாற்போல வாய் தூய்மையாகின்றது.

அடுத்து வந்த பார்பரெஸ்கோ, பரோலோ ஆகிய இரண்டும் நெபியோலோ என்னும் ஒரே பழத்திற் பிறந்தவை. மூடுபனியைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென்பர். ஏனையவை பறிக்கப்பட்ட பின்னரே, பனி படரும் காலத்தில் அப்பழம் முதிர்கின்றது. நிறம் மெலிது; துவர்ப்போ பெரிது. அத்துவர்ப்பு அடங்குதற்குக் காலம் வேண்டும். எனவே பார்பரெஸ்கோ குறைந்தது 26 மாதமும், பரோலோ 38 மாதமும் முதிர்தல் வேண்டுமெனச் சட்டம் விதிக்கின்றது. பரோலோவுக்கு அவற்றுள் 18 மாதம் மரப்பீப்பாயிற் கழிதல் வேண்டும். நாம் அன்று சுவைத்த பரோலோ 2016 ஆம் ஆண்டு விளைவு.

அதன் மணத்தை ஒவ்வொருவரும் உரைக்கத் தொடங்கினோம். நாம் வாடிய ரோசாவைக் கண்டோம். அதற்குமேல் ஒன்றுஞ் சொல்லத் தெரியவில்லை. ஓவசியர் கிண்ணத்தை மூக்கருகே நெடுநேரம் வைத்திருந்து, "இது தார். வெயில் நேரத்திற் புதிதாகப் போட்ட வீதியின் மணம்," என்றார். மொழிபெயர்த்துச் சொன்னதும் இத்தாலியர் எழுந்து நின்றுவிட்டார். ரோசாவும் தாருமே பரோலோவுக்குரிய மணங்கள் என வல்லுநர் கூறுவராம். முப்பதாண்டு தார் உருக்கிய மனிதர், ஒரு துளியும் பருகாமலே, அதனை அறிந்துவிட்டார்.

பின்னர் இத்தாலியர் தம் கதையைச் சொன்னார். 1986 ஆம் ஆண்டில், மலிவான வைனுக்கு வலுவேற்றவெனச் சிலர் மெதனோல் என்னும் நஞ்சைக் கலந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பலர் கண்ணொளி இழந்தனர். இத்தாலிய வைன் என்றாலே பிற நாட்டார் அஞ்சினர். நேர்மையாக உழைத்த அவர் தந்தையின் பீப்பாய்களும் அவ்வாண்டு வாங்குவாரின்றிக் கிடந்தன. "அப்பா தம் பெயரைப் போத்தலில் எழுதத் தொடங்கியது அதன் பிறகுதான். குற்றமிருந்தால் வீட்டு வாசலுக்கு வந்து கேளுங்கள் என்பது அதன் பொருள்," என்றார். இன்று பரோலோப் போத்தல் ஒவ்வொன்றின் கழுத்திலும் இலக்கமிட்ட அரசாங்கச் சீட்டு ஒட்டப்படுகின்றது. எமக்கோ அச்சீட்டினும் அம்முதியவரின் பெயரே பெரிதாகத் தோன்றிற்று.

குடியினாற் காணியிழந்தவரின் மகனும், கலப்படத்தினால் நற்பெயர் இழக்கவிருந்தவரின் மகனும் எதிரெதிரே அமர்ந்திருந்தனர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. எனினும் ஓவசியர் தம் கிண்ணத்தை அவர்பால் நகர்த்தி, "என் பங்கை உம் தகப்பனாருக்காகக் குடியும்," என்றார். அவரும் அவ்வாறே செய்தார்.

மாணவத் தம்பிகாள்! வைனைப் பருகுதல் வேண்டுமென்று நாம் உரைக்கவில்லை. பருகாமல் வாழ்தல் நன்றென்பதில் எமக்கு ஐயமுமில்லை. உலகின் எம்மேசையில் அமரநேரினும், கொண்ட விரதத்தை நாணாது கூறுங்கள். கூறியபின் மேசையைவிட்டு எழுந்து போகாதீர்கள். எம் ஓவசியரைப் போல, உங்கள் தொழில் உங்களுக்குக் கற்பித்த ஒன்றை அங்கும் எடுத்துரைக்க இடம் வாய்க்கும்.