தொடாத இடம்

எனக்குச் சோறு போடுகிற வேலையே ஆளைத் தொடுகிற வேலைதான். இருதயத்துக்குள் கம்பி விட்டு வைத்தியம் செய்கிற அறையில் டெக்னீசியனாக இருக்கிறேன். இருபத்தைந்து வருஷமாச்சு. வருகிறவரைப் படுக்கவைத்து, தொடை இடுக்கில் முடியை மழித்து, நெஞ்சிலும் முதுகிலும் பட்டைகளை ஒட்டி, ஒயர்களை மாட்டுவேன். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன்.

போன வருஷம் ஒருத்தர் வந்தார். எங்க தாலுக்காதான். எங்க காலனியிலிருந்து மூணு மைல் தள்ளி, ஊர்த்தெரு. மழிக்கும்போது கேட்டார், "தம்பி எந்த ஊரு?" சொன்னேன். "ஊருல எந்தப் பக்கம்?" இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நம்ம சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "காலனி" என்றேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற ஆளு யாரும் இல்லியா?" என்றார். இல்லை என்றேன். நிஜமாகவே அன்றைக்கு வேறு ஆள் இல்லை. மழித்து முடித்தேன்.

அவருக்கு வந்த நோய் எங்கம்மாவுக்கும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். இருதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்குகிறது. நிமிஷத்துக்கு எழுபது, எண்பது மின்துடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் முந்நூறு, ஐந்நூறு என்று தாறுமாறாக ஓடுகிறது. ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும்.

எங்கம்மா நடவுக்குப் போகும். சின்ன வயசில் தொண்டை வலி, காய்ச்சல், பிறகு முட்டி முட்டியாக வீக்கம் வந்தது என்று ஆயா சொல்லும். ஒரே குடிசையில் ஒன்பது பேர். இப்படி நெருக்கியடித்து வாழ்கிற இடத்தில் தொற்றுகிற தொண்டைக் கிருமிதான் பிறகு ரூமாட்டிக் காய்ச்சலாகி இருதய வால்வைக் கெடுக்கிறது. மூணு நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று வருஷக்கணக்கில் போட்டு வந்தால் காய்ச்சல் திரும்ப வராமல் தடுக்கலாம். பென்சிலின் 1940களிலேயே வந்துவிட்டது. எங்க சேரிக்கு வரவில்லை.

1984இல் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. "கோழிய அமுக்கிப் புடிச்சா றெக்கைய அடிச்சிக்கும் பாரு, நெஞ்சுக்குள்ள அப்டி இருக்குடா" என்று சொல்லும். பக்கத்து ஊர் டாக்டரிடம் போனோம். எனக்கு ஒன்பது வயசு. மற்றவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். அம்மா வாசப்படிக்கு இந்தப் பக்கம் நின்றது. அவர் அங்கிருந்தே கேட்டார், "இன்னா பண்ணுது?" "படபடன்னு வருதுங்க சாமி." "ரத்தம் இல்ல. டானிக் குடி." சீட்டு எழுதிவிட்டார். கம்பவுண்டர் மாத்திரையை மேலேயிருந்து அம்மாவின் முந்தானையில் போட்டார்.

மூணு வருஷம் அங்கேதான் போனோம். ஒரு தடவைகூட அவர் நாடி பிடிக்கவில்லை. இந்த நோயைச் சந்தேகப்பட மெஷின் வேண்டாம். மணிக்கட்டில் மூணு விரல், ஒரு நிமிஷம். அவ்வளவுதான்.

1987இல் ஒரு விடியற்காலை அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சும் போச்சு. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு டாக்டர் பொண்ணு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மா கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வாட்ச்சைப் பார்த்தபடி எண்ணினார். முழுசாக ஒரு நிமிஷம். "எத்தினி வருஷமா இப்படி இருக்கு? யாருமே பாக்கலியா?" என்று நயினாவைக் கேட்டார். நயினா தலையைக் குனிந்துகொண்டது. அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பதினோராம் நாள் செத்துப்போச்சு.

இப்போது வைத்தியம் எங்கேயோ போய்விட்டது. பிரான்சில் போர்தோ நகரத்து டாக்டர் ஹைசகெரும் அவர் கூட்டாளிகளும் 1998இல் ஒன்றைக் கண்டு சொன்னார்கள். இந்த நடுக்கத்தைக் கிளப்பிவிடுகிற துடிப்புகளில் பெரும்பாலானவை நுரையீரலிலிருந்து இருதயத்துக்கு வருகிற ரத்தக்குழாய்களில் பிறக்கின்றன. தொடை நரம்பு வழியாகக் கம்பியைக் கொண்டுபோய் அந்தக் குழாய்களின் வாயைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சுட்டு வழியை அடைக்கிறார்கள்.

அதற்குக் கம்பியின் நுனி சுவரைத் தொட வேண்டும். எவ்வளவு தொடுகிறது என்று நுனியே கிராம் கணக்கில் காட்டுகிறது. தொடாவிட்டால் சூடு ரத்தத்தோடு போய்விடும். மிஞ்சி அழுத்தினால் சுவர் ஓட்டையாகிவிடும். 2012இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், சராசரியாகப் பத்து கிராமுக்குக் குறைவாகத் தொட்டுச் செய்தவர்கள் அத்தனை பேருக்கும் நோய் திரும்ப வந்தது.

சுடுவதற்கு மட்டுமில்லை, தெரிந்துகொள்வதற்கும் தொட வேண்டும். உயிருள்ள சதையில் மின்சாரம் பலமாக வரும். வடுவான சதையில் அரை மில்லிவோல்ட்கூட வராது. கம்ப்யூட்டர் அதைச் சிவப்பாக வரையும். உயிருள்ள இடத்தை ஊதாவாக வரையும்.

அன்றைக்கு அந்த ஊர்த்தெருக்காரரின் இருதயம் என் திரையில் இருந்தது. பின்சுவரில் ஒரு இடம் சிவப்பாக வந்தது. டாக்டர் "வடுவா?" என்றார். கிராம் கணக்கைப் பார்த்தேன். "டச் இல்ல சார். ரெண்டு கிராம்தான்." கம்பியைத் திருப்பி வைத்தார். பதினொன்று. திரையில் அலை நிமிர்ந்து எழுந்தது. சிவப்பாக இருந்த இடம் ஊதாவாச்சு. நல்ல சதை.

சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியதா? பொய் சொல்ல மாட்டேன், தோன்றியது. ஆனால் சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மனுஷனால் இல்லை, அந்தச் சிவப்பால். தொடாத இடத்தையும் செத்த இடத்தையும் மெஷின் ஒரே நிறத்தில்தான் வரைகிறது. எங்களைப் பற்றி எழுதி வைத்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ரத்தமில்லாதவள். மந்தமானவன். படிப்பு ஏறாதவன். எல்லாம் வாசப்படியில் நிறுத்திவைத்து எழுதின சீட்டு. மெஷினிலாவது கிராம் கணக்கு பக்கத்திலேயே இருக்கிறது, தொட்டுத்தான் எழுதினாயா என்று கேட்கலாம். அந்தச் சீட்டை எழுதினவனை யார் கேட்டது?

இந்தக் கம்பி வைத்தியத்துக்குச் செலவு லட்சக்கணக்கில் ஆகும். அம்மா மாதிரி வால்வு சுருங்கினவர்களுக்கு முதலில் வால்வைச் சரிசெய்ய வேண்டும். அதற்கும் முன்னால் ஊசி வேண்டும், நாடி பிடிக்க ஒரு கை வேண்டும். அம்மாவைக் காப்பாற்ற மெஷின் வந்திருக்க வேண்டியதில்லை. அந்த டாக்டர் நாலடி நடந்து வந்திருந்தால் போதும்.

காலனிக்குப் போகும்போதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தர் கையாகப் பிடித்துப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு முட்டி வீக்கம் உண்டா என்று கேட்கிறேன். போன மாசம் பெரியம்மாவின் கையைப் பிடித்தேன். "இன்னாடா எண்ற?" என்றது. "பேசாம இரு பெரீம்மா" என்றேன். ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன். துடிப்பு ஒழுங்காக இருந்தது. எண்ணி முடித்த பிறகும் கையை விட மனசு வரவில்லை.