தூக்காதே, உட்கார்!

போன வருஷம் மே மாதம். "அம்மா, பெட்டிங் ஃபார்ம் போலாம்மா" என்று ஒரு வாரமாக நச்சரித்தாள் சின்னவள். ஏதோ ஒரு ரீல்ஸில், ஒரு குழந்தை முயலை மடியில் வைத்துக் கொஞ்சியதைப் பார்த்ததிலிருந்துதான் இந்த ஆசை. ஞாயிற்றுக்கிழமை இட்லி, வடை எல்லாம் நிதானமாக முடித்துவிட்டுக் கிளம்பினோம். திருப்போரூர் தாண்டி அந்தப் பண்ணைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு.

கத்திரி வெயில். தகரக் கூரைக்குக் கீழே முயல்கள். முயல்களைவிடக் குழந்தைகள் அதிகம். என் மகள் ஒன்றைத் தூக்கினாள். அது அசையவே இல்லை. "எவ்ளோ சமத்தா இருக்கு பாரும்மா!" என்றாள். நானும் போட்டோ எடுத்தேன். அடுத்த நொடி அது பின்னங்காலால் உதைத்துத் துள்ள, இவள் பயந்து கையை விட, முயல் சிமென்ட் தரையில் விழுந்தது. எழுந்து ஓடவில்லை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. அங்கே வேலை செய்யும் பையன் வந்து, "பரவால்ல மேடம், அடிக்கடி நடக்கிறதுதான்" என்று அதைக் கூடையில் போட்டு எடுத்துப் போனான்.

அன்று கை கழுவ அங்கே சோப்பு இல்லை. கழுவாத கையோடு பாப்கார்ன் சாப்பிட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. அது சரியாகிவிட்டது. ஆனால், "அந்த முயல் செத்துப்போச்சாம்மா?" என்ற கேள்வி மாதக்கணக்கில் நிற்கவில்லை. தெருவில் பூனைக்குட்டி வந்தால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் என் மாமியார் சொன்னார், "இன்னொரு தடவை கூட்டிட்டுப் போ. ஆனா இந்தத் தடவை நானும் வரேன்." அத்தைக்கு மணப்பாறைப் பக்கம். கல்யாணம் ஆகும்வரை ஆடு மேய்த்தவர்.

போவதற்கு முன்னால்

இந்த முறை தை மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது. உடல் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே திணறிப் போகும். மே மாத மதியத்தில் நாங்கள் பார்த்தது பாதி மயங்கிய முயல்கள் என்பது பிறகுதான் புரிந்தது. வெயில் காலத்தில் போய்த்தான் ஆகவேண்டும் என்றால், பண்ணை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

டிக்கெட் விலையை மட்டும் கேட்டுவிட்டு போனை வைக்காதீர்கள். நான் கேட்ட கேள்விகள் இவை: ஒரு நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடுவீர்கள்? முயலைத் தூக்க விடுவீர்களா? ஆட்கள் தொட முடியாதபடி விலங்குகள் ஒதுங்கிப் படுக்க இடம் இருக்கிறதா? சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் குழாயும் சோப்பும் உண்டா? மூன்று பண்ணைகளுக்குப் பேசினேன். "தூக்க விடமாட்டோம் மேடம், வேணும்னா கீழ உட்காந்து தடவலாம்" என்று செங்கல்பட்டுப் பக்கம் ஒருவர் சொன்னார். அவரிடமே முன்பதிவு செய்தேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். போட்டோ எடுக்கப் பச்சைக்கிளியோ நட்சத்திர ஆமையோ வைத்திருக்கும் பண்ணை என்றால், அந்தப் பக்கமே போகவேண்டாம். இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கூண்டில் வளர்ப்பதே குற்றம்.

பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். தொங்கும் துப்பட்டா, பை நாடா எல்லாம் ஆட்டின் வாய்க்குப் போய்விடும். இதையெல்லாம் பட்டியல் போட்டுச் சொன்ன அத்தையே தலையில் இருந்த மல்லிகைப் பூவை மறந்துவிட்டார். அந்தக் கதை பின்னால்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், குட்டி போடும் நிலையில் உள்ள ஆடுகள், புதிதாகக் குட்டி போட்ட ஆடுகளின் பக்கம் போகவேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களின் கை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு பெரியவர் வேண்டும்.

அதுவா வரும்

வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எதையும் தொட மாட்டேன்" என்றாள் மகள். "தொட வேணாம் ஆத்தா. வந்து என் பக்கத்துல உக்காரு" என்றார் அத்தை. ஆட்டுக் கொட்டிலின் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். போனிலேயே அனுமதி கேட்டுக் கொண்டுபோன அகத்திக்கீரைக் கட்டிலிருந்து ஒரு கொத்தை அத்தை நீட்டினார்.

"ஆட்டுக்குப் பின்னால போய்த் தொடக் கூடாது, மிரளும். பக்கவாட்டுல, அது பாக்குற மாதிரி வரணும். துரத்திப் பிடிச்சா ஓடும். சும்மா உக்காந்தா அதுவா வரும்."

ஐந்து நிமிடம். ஒரு வெள்ளாட்டுக் குட்டி வந்தது. கடித்துவிடுமோ என்று மகள் நெளிந்தாள். "மேல் வரிசையில அதுக்கு முன்பல்லே கிடையாது, உள்ளங்கையை விரிச்சு வெச்சுக்கோ" என்றார் அத்தை. விரலை மடக்காமல் தட்டையாக நீட்டினால் நாக்கும் உதடும்தான் படும். பட்டது. கூச்சத்தில் அவள் சிரித்த சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அதற்குள் பின்பக்கமாக வந்த தாய் ஆடு அத்தையின் மல்லிகைச் சரத்தை உருவித் தின்றுவிட்டது. பண்ணையே சிரித்தது.

அடுத்து முயல்கள். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னார். முயல் இன்னொன்றுக்கு இரையாகிற இனம். கால் தரையை விட்டு எழும்பினாலே, ஏதோ கவ்விவிட்டது என்று நினைக்கும். அசையாமல் இருந்தால் சமத்தாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, பயத்தில் உறைந்துபோயிருக்கிறது. அந்த நிலையில் உதறும்போது, பலமான பின்னங்கால்களின் வேகத்தில் அதன் மெல்லிய முதுகெலும்பே முறிந்துபோகலாம்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். போன வருஷம் நான் போட்டோ எடுத்தது அந்த உறைந்த நிமிடத்தைத்தான்.

அவள் தரையில் கையை வைத்தபடி உட்கார்ந்தாள். சாம்பல் நிற முயல் ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவள் எட்டிப் பிடிக்கவில்லை. மறுபடி வந்தபோது, இரண்டு விரலால் நெற்றியைத் தடவினாள்.

கை கழுவும் கடமை

வெளியே வந்ததும் முதல் வேலை, குழாயடி. சாணமும் மண்ணும் ஒட்டிய கைக்குச் சானிடைசர் போதாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், நகக்கண் வரை 20 விநாடி தேய்க்க வேண்டும். 2009-இல் இங்கிலாந்தில் ஒரு பண்ணைக்குப் போய்வந்தவர்களில் 93 பேர் ஈ.கோலைக் கிருமியால் நோயுற்றார்கள். பெரும்பாலும் குழந்தைகள். சிலருக்குச் சிறுநீரகம் வரை பாதித்தது. நன்றாக இருக்கும் ஆடு மாடுகளின் குடலிலேயே அந்தக் கிருமி இருக்கும். அதனால், பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று நம்ப முடியாது. கடியோ கீறலோ பட்டால் 15 நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கை கழுவிவிட்டு, மர நிழலில் புளியோதரை சாப்பிட்டோம். திரும்பும் வழியில் காரில் அந்தக் கேள்வி மறுபடி வந்தது. "அந்த முயல் செத்துப்போச்சாம்மா?"

இதுவரை "இல்லடா, நல்லா இருக்கும்" என்றுதான் சொல்லி வந்தேன்.

"தெரியலைடா. உன்னைத் தூக்க விட்டது அம்மா தப்பு. அம்மாவுக்கு அப்போ தெரியாது."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு அத்தையின் மடியில் சாய்ந்து, "அப்பத்தா, நாளைக்கு அந்தப் பூனைக்குட்டி வந்தா நாம கீழ உக்காந்துக்கலாமா?" என்று கேட்டாள்.