பழைய லயத்துக்கு ஒரு பக்கம்

நாங்கள் நாலு பேர். கலைப்பீடம், மூன்றாம் வருஷம். மலையக ஊர்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோம் என்று போன விடுமுறைக்கு முதல் முடிவெடுத்தோம். பெரிய இலட்சியம் ஒன்றுமில்லை. ஒரு ஒப்படைக்குத் தகவல் தேடப்போய், தேடியதில் பாதி கிடைக்காத கடுப்பில் வந்த யோசனைதான். டவுன்களைப் பற்றி எழுதும்வரை பிரச்சினை வரவில்லை. எங்களில் ஒருத்தியின் அம்மாயி பிறந்த இடத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கிக்கொண்டோம். அந்த இடம் இப்போது தண்ணீருக்குக் கீழே கிடக்கிறது.

ஹற்றன் பக்கத்தால் சிவனொளிபாத மலைக்குப் போனவர்களுக்கு மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைத் தெரிந்திருக்கும். மஸ்கெலியாவைத் தாண்டி நல்லதண்ணிக்குப் போகும்போது பஸ்ஸில் எல்லாரும் போனைத் தூக்கிப் படம் எடுக்கிற இடம். அந்தத் தண்ணீருக்குள் பழைய மஸ்கெலியா நகரம் இருக்கிறது. மின்சாரத்துக்காக மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் அணை கட்டி முடித்தபோது கடைத்தெரு, கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் முங்கிப்போயின. டவுனை மேட்டில் புதிதாகக் கட்டினார்கள். கடும் வரட்சி வந்தால் தண்ணீர் இறங்கி, கோயில் மெதுவாக எழும்பி வரும். பத்திரிகைகள் படம் போடும். சனம் பார்க்கப் போகும்.

பழைய டவுனைப் பற்றி எழுதுவதில் தடையில்லை. கடைத்தெரு இருந்தது, பெயர் இருந்தது, செய்திகள் இருக்கின்றன. ஆனால் அம்மாயி டவுனில் பிறக்கவில்லை. டவுனுக்குக் கீழே, ஆற்றோரமாக இருந்த ஒரு லயத்தில் பிறந்தவர். பன்னிரண்டு காம்பரா. அவ்வளவுதான் ஊர்.

தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்த ஒரு மாசி மாதத்தில் அம்மாயியோடு போனோம். கோயில் முழுதாக வெளியே வரவில்லை. லயம் இருந்த பக்கம் வரவேயில்லை. அவர் ரோட்டோரத்தில் நின்றபடி, குடையை நீட்டி நீட்டிக் காட்டினார்.

"அந்தா, அந்த மரத்துக்கு நேரா கீழ பீலி இருந்துச்சு. பீலிக்கு மேல பெரட்டுக் களம். எங்க காம்பரா கடைசில இருந்து மூனாவது."

"ஊரு பேரு என்ன அம்மாயி?"

"ஊரா? லயம்தான். பழைய லயம்."

"அது புதுசா இருந்தப்ப என்ன பேரு?"

"அப்பவும் பழைய லயம்தான். மேல புது லயம் ஒன்னு இருந்துச்சுல்ல."

சிரித்தோம். பிறகு திரும்பிப் போகும் பஸ்ஸில் யோசித்தோம்: பக்கத்துக்குத் தலைப்பு என்ன வைப்பது? மலையகத்தில் 'பழைய லயம்' இல்லாத தோட்டம் எது?

விக்கிப்பீடியாவில் இதற்கு 'குறிப்பிடத்தக்கமை' என்று சொல்வார்கள். ஊர்களைப் பொறுத்தவரை ஆங்கில விக்கியின் வழிகாட்டல் உண்மையில் தாராளமானது. மக்கள் வாழ்ந்த, சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட இடம் என்றால் பொதுவாகப் பக்கம் வைக்கலாம். சனத்தொகை பத்துப் பேராக இருந்தாலும் சரி, இன்றைக்கு ஒருத்தரும் இல்லாவிட்டாலும் சரி. அழிந்த ஊர் என்பது குறையே இல்லை. ஆனால் சட்ட அங்கீகாரம் இல்லாத இடங்கள், குடியிருப்புத் தொகுதிகள் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றைப் பற்றி வேறு யாராவது விரிவாக எழுதியிருக்க வேண்டும்.

அந்த ஒரு சொல்லில்தான் நின்றோம். சட்டப்படி.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த சில வருஷங்களில் தோட்டத்துச் சனத்தின் வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அணை கட்டிய காலம், சரியாக இந்த ஒப்பந்தத்துக்குப் பிந்திய காலம். அந்த லயத்தில் இருந்த பலர் அப்போது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள். அவர்கள் இருந்த இடமும் அப்படித்தான். அது தோட்டத்தின் ஒரு கட்டடம், கிராமம் இல்லை. இது பழங்கதையும் இல்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை சேவை செய்யத் தடையாக இருந்தது. அதைத் திருத்தியது 2018இல். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த வருஷம்.

ஒப்பிடுவதற்காக வேறு மூழ்கிய ஊர்களையும் தேடினோம். வேல்ஸில் கேபல் கெலின் என்று ஒரு சின்னக் கிராமம். லிவர்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக 1965இல் மூழ்கடித்தார்கள். எங்கள் அணைக்கு நாலே வருஷம் முதல். பாடசாலை, தபால் கந்தோர், தேவாலயம், மயானம், சில வீடுகள். நீளமான பக்கம் இருக்கிறது. ஏனென்றால் 1956இல் அந்த ஊர்ச் சனம் லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் போனது, வேல்ஸ் எம்.பி.மார் எதிர்த்தார்கள், பத்திரிகைகள் எழுதின. 2005இல் லிவர்பூல் நகரசபை மன்னிப்பும் கேட்டது. ஊர் அளவில் பழைய லயத்தைவிட மிகப் பெரியது என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு வாக்கு இருந்தது.

இந்த இடத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது. யாழ்ப்பாணத்து நண்பன் ஒத்துக்கொள்ளவேயில்லை. "அம்மம்மா சொன்னவ எண்டு ஆளாளுக்கு எழுதத் தொடங்கினா எங்க போய் முடியும்? நாளைக்கு ஒருத்தன் வந்து உங்கட ஊர் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னம் எங்கட ஊர் எண்டு எழுதுவான். அப்ப ஆதாரம் கேக்க உங்களுக்கு வாய் இருக்காது." கோபமாக இருந்தது, ஆனால் அவன் சொன்னது பிழையில்லை. இந்த நாட்டில் ஊர் வரலாறு என்பது சும்மா வரலாறு இல்லை. அதற்குப் பின்னால் காணி இருக்கிறது. ஆதாரம் கேட்கும் விதியைத் தளர்த்தினால் முதலில் அடிபடப்போவது நாங்களாகவும் இருக்கலாம். வாய்மொழிச் சாட்சியத்தை மேற்கோளாக ஏற்கலாமா என்று 2011இல் இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் விக்கிப்பீடியர்கள் முயன்று பார்த்திருக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் அதைக் காட்டி இவனை மடக்க எங்களால் முடியவில்லை.

சரி, எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தோம். அம்மாயியின் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயர் மட்டும். லயம் இல்லை. தோட்டத்துச் செக்ரோலில் ஆட்களின் பெயரும் வேலை நாளும் இருந்திருக்கும். அந்தக் காலத்துப் புத்தகங்கள் கைக்கு எட்டவில்லை. அங்கே இருந்த குடும்பங்களில் பாதி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டது. நீலகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்ததாம், பிறகு கடிதமும் நின்றுவிட்டது.

அன்றைக்கு ரோட்டோரத்தில் அம்மாயி இன்னொன்றும் கேட்டிருந்தார். அவரது தம்பி ஒருத்தன் நாலு வயதில் காய்ச்சலில் செத்துப்போய், பீலிக்கு அந்தப் பக்கம் புதைத்திருக்கிறார்கள். "அவன் பேரையும் போடுவீங்களா?" என்றார். நாங்கள் நாலு பேரும் ஆளையாள் பார்த்தோம். கலைக்களஞ்சியத்தில் அப்படிப் போட இயலாது என்பதை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல், "பாப்போம் அம்மாயி" என்றோம்.

கடைசியில் தனிப் பக்கம் எழுதவில்லை. நீர்த்தேக்கத்தைப் பற்றிய பக்கத்தில் ஒரு பந்தி சேர்ப்பது என்று முடிவெடுத்தோம்: பழைய நகரம், மூழ்கிய வழிபாட்டிடங்கள், பத்திரிகை மேற்கோளோடு. லயத்தைப் பற்றி எழுதிய வரிக்கு மேற்கோள் இல்லை என்று நாங்களே அழித்துவிட்டோம். அழித்தது யாழ்ப்பாணத்து நண்பன் இல்லை, அம்மாயியின் பேத்திதான். அணைக்கு முந்திய ஒரு அங்குல வரைபடத்தை நில அளவைத் திணைக்களத்தில் போய்ப் பார்க்க வேண்டும், ஆற்றோரத்தில் சின்னதாய் ஒரு கோடாவது விழுந்திருக்கிறதா என்று. யாழ்ப்பாணத்தான்தான் கொழும்புக்குப் போக முதலில் பெயர் கொடுத்தவன்.

அதற்கிடையில் அம்மாயியைப் பேசவைத்துப் போனில் பதிவு செய்தோம். நூலக நிறுவனத்தின் ஆவணகத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறோம். காம்பரா வரிசையாக யார் யார் இருந்தார்கள் என்று சொல்லச் சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூனாவது இஸ்தோப்பில் ஆடு கட்டியிருக்கும், அஞ்சாவதில் டோலக்கு அடிக்கிறவர், இப்படி. ஏழாவதில் நின்றுவிட்டார். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதை விட்டுவிட்டு மிச்சத்தை முடித்தோம். கம்பசுக்குத் திரும்பி இரண்டு நாள் கழித்து, இரவு ஒன்பதரைக்குப் பேத்தியின் போன் அடித்தது. நலம் விசாரிக்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"ஏழாவது காம்பரா ஞாபகம் வந்துருச்சு. எழுதிக்க."