அன்புள்ள வெள்ளைக் கொடிக்கு

வெள்ளைக் கொடியே, உனக்கு இதுவரை யாரும் நன்றி சொல்லி எழுதியிருக்க மாட்டார்கள். ‘டோட்டல் வார்’ கணினிப் போர் ஆட்டங்களில் ஒரு படைப்பிரிவின் தலைக்கு மேல் நீ படபடத்தால், மொரேல், அதாவது மன உறுதி, போய்விட்டது, ஓடுகிறார்கள் என்று அர்த்தம். நம் பக்கம் தெரிந்தால் வயிறு கலங்கும். எதிரிப் பக்கம் தெரிந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவோம். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

வெள்ளைக் கொடியே, உன்னைச் சந்திக்கும் முன் நான் நடத்திய போர்களில் யாருக்கும் பயமே கிடையாது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஆட்டத்தின் வில்லாளி, கூட வந்தவர்கள் எல்லாரும் செத்துக் கிடந்தாலும் சலிக்காமல் அம்பு விட்டுக்கொண்டே இருப்பான். உயிர்க்கோடு தீர்ந்தால் விழுவான், அவ்வளவுதான். பிறகு 2004இல் வெளிவந்த ‘ரோம்: டோட்டல் வார்’ என் கைக்கு வந்தது. நேருக்கு நேர் நின்றபோது அசையாத காலாட்படை, முதுகுப் பக்கம் குதிரைகள் பாய்ந்ததும் பாதிப்பேர் உயிரோடு இருக்கும்போதே சிதறியது. என் சிறிய படை பெரிய படையை வென்றது அன்றுதான். அந்த வெற்றியை உன் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

வெள்ளைக் கொடியே, பள்ளியில் வெறும் ஆண்டு எண்களாக மனப்பாடம் செய்த வரலாற்றுக்கு நீ உடம்பு கொடுத்தாய். 1560இல் ஜப்பானின் ஓக்கெஹசாமாவில் நடந்த போரில் இமாகவா யோஷிமோட்டோவிடம் சுமார் 25,000 பேர் இருந்தார்கள் என்பது மரபான கணக்கு. ஓடா நொபுநாகாவிடம் சில ஆயிரம் பேர்தான். இடிமழை ஓய்ந்த கையோடு நொபுநாகாவின் ஆட்கள் முகாமுக்குள் புகுந்து யோஷிமோட்டோவின் தலையை எடுத்தார்கள்; அந்தப் பெரும்படை கலைந்தது. இதைப் படித்தால் கதை மாதிரி இருக்கும். 2000இல் வந்த ‘ஷோகன்: டோட்டல் வார்’ ஆட்டத்தில் தளபதி விழுந்த நொடியில் வரிசை வரிசையாக நீ முளைப்பதைப் பார்த்தவனுக்கு அது கதையாகத் தோன்றாது.

வெள்ளைக் கொடியே, யானைகளுக்காக உனக்குத் தனியாக ஒரு நன்றி. ‘ரோமில்’ யானைப்படைக்கும் மொரேல் உண்டு. தீ அம்பு விழுந்தால் மிரளும். உடம்பில் நெருப்பு வைத்து அவிழ்த்துவிடும் பன்றிகளைக் கண்டாலும் மிரளும். (ஆம், பன்றிகள். பழைய நூல்களிலும் உண்டு.) மிரண்டபின் நம்மவர், அவர்கள் என்ற பேதமே அதற்கு இல்லை. அப்போது திரையில் ஒரு கட்டளை கிடைக்கும்: சொந்த யானையைக் கொன்றுவிடு. முதலில் இதை ஆட்டத்தை உருவாக்கியவர்களின் குரூரம் என்றே நினைத்தேன். பிறகுதான் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியது தெரிந்தது. கி.மு. 207இல் மெட்டாரஸ் ஆற்றங்கரைப் போரில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் தம்பி ஹஸ்த்ரூபாலுடைய பாகர்கள் ஆளுக்கொரு உளியும் சுத்தியலும் வைத்திருந்தார்கள். யானை கட்டுமீறினால் காதுகளுக்கு நடுவே, தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் உளியை வைத்து ஓங்கி ஒரே அடி. நாளெல்லாம் கூடவே இருக்கும் பாகன், தன் யானையின் பிடரியில் உட்கார்ந்தபடி அதைச் செய்ய வேண்டும். அந்தக் கட்டளையை நான் பெரும்பாலும் அழுத்துவதில்லை. மிதிபடுகிறவர்கள் மிதிபடட்டும் என்று விட்டுவிடுகிறேன். நல்ல தளபதி இப்படிச் செய்ய மாட்டான்தான்.

வெள்ளைக் கொடியே, உனக்கு அடியில் ஓடுவது மளிகைக் கடைப் பற்று வரவு மாதிரி ஒரு கணக்கு. தளபதி பக்கத்தில் நின்றால் வரவு. களைப்பு, விலாவில் அடி, பக்கத்துப் பிரிவு ஓடுவதைப் பார்த்தது எல்லாம் பற்று. தொடக்க இருப்பு எவ்வளவு என்பதை மட்டும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். ‘ரோம்’ கோப்புகளுக்குள் ஒன்றை நோட்பேடில் திறந்தால், ஒவ்வொரு பிரிவுக்கும் அதற்கென ஒரு வரி இருக்கும்: ஓர் எண், பிறகு கட்டுப்பாடு, பிறகு பயிற்சி. ஒரு சிப்பாயின் மனசு அந்த ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுகிறது. எண்ணைக் குறைத்தால் முதல் மோதலிலேயே ஓட்டம்; மேட்டைப் பிடித்ததும் வியூகம் வகுத்ததும் வீண். ஏற்றினால் ஏரிலிருந்து பிடித்து வந்தவன்கூடக் கடைசி ஆள்வரை நிற்பான். பின்னால் சுற்றிப் போவதில் பயனில்லை, ஆள் அதிகம் வைத்திருப்பவன் ஜெயிப்பான். ‘ரோமில்’ படைகள் சீக்கிரம் ஓடிவிடுகின்றன என்ற குறை ஆடுபவர்களிடம் இருந்தது. ஆட்டக் கோப்புகளை மாற்றி ‘மாட்’ செய்கிறவர்கள் பலர் எண்ணைக் கூட்டிச் சண்டையை நீட்டினார்கள். நீட்டியது நல்லதுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரேயடியாகக் கூட்டுவது சோம்பேறித்தனம். உழவன் ஓடும் நேரத்துக்கும் பழுத்த ரோமானிய லீஜியன் வீரன் ஓடும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியில்தானே ஆட்டமே நடக்கிறது?

வெள்ளைக் கொடியே, நீ வராத இடத்திலும் எனக்கு ஒன்று கற்றுத் தந்தாய். முற்றுகையில் எதிரியை நகரின் நடுச் சதுக்கம்வரை நெருக்கிவிட்டால் அங்கே உன்னைப் பார்க்க முடியாது; போக இடமில்லாதவர்கள் சாகும்வரை வெட்டுவார்கள். சுற்றி வளைத்த எதிரிக்கு ஒரு வழி திறந்து வை என்று பழைய சீனப் போர்நூலாசிரியர் சுன் ட்சு சொன்னது இதற்குத்தான். கி.மு. 216இல் இத்தாலியின் கன்னேயில் ஹன்னிபால் அந்த வழியை வைக்கவில்லை. அவ்வளவு பெரிய ரோமானியப் படையை அடைத்து வைத்தே வெட்டித் தீர்க்க அந்தப் பகல் முழுக்கத் தேவைப்பட்டது, ஹன்னிபாலின் ஆட்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

வெள்ளைக் கொடியே, கடைசியாக ஒன்று, நமக்குள் இருக்கட்டும். 1870 பிரெஞ்சு-பிரஷ்யப் போரில் இறந்த பிரெஞ்சுக் கர்னல் ஆர்டான் தியூ பிக், பழங்காலப் போர்களில் தோற்றவர்கள் பெரும்பாலும் முதுகு காட்டிய பிறகுதான் வெட்டுப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். ஆட்டத்திலும் ஓடுகிறவனை விட்டுவிட்டால் அவன் வரைபடத்தில் பிழைத்திருந்து, அடுத்த பருவத்தில் வேறொரு படையோடு சேர்ந்து திரும்பி வருகிறான். அதனால் எதிரிப் பக்கம் நீ படபடத்ததும் இலகு குதிரைப்படையைத் துரத்தத்தான் அனுப்புகிறேன். நாளைக்கும் அனுப்புவேன். கோபித்துக்கொள்ளாதே.